லேப்டாப்புக்கு விலை குறைந்த எக்ஸ்டெர்னல் டிவிடி டிரைவ்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லேப்டாப்பில் டிஸ்க் போடும் தட்டு காணாமல்போய்ப் பல வருடம் ஆகிறது. டிஸ்க்குகள் மட்டும் அலமாரியில் அப்படியே கிடக்கின்றன. குடும்ப வீடியோ, பாட்டு சிடி, ஸ்கேன் எடுத்த இடத்தில் கொடுத்த டிஸ்க், பழைய மென்பொருள் என்று ஏதோ ஒன்றைத் திறக்க வேண்டி வரும்போது எழும் சந்தேகங்கள் ஏறக்குறைய எல்லோருக்கும் ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே தொகுத்திருக்கிறோம். எளியவை முதலில், சிக்கலானவை பின்னால்.

சிடி, டிவிடி பார்க்கணும், அவ்வளவுதான். கடையில என்னன்னு சொல்லிக் கேட்கணும்?

"யூஎஸ்பி எக்ஸ்டெர்னல் டிவிடி ரைட்டர்" என்று கேளுங்கள். சிடி, டிவிடி இரண்டையும் படிக்கும், இரண்டிலும் எழுதும். தனி அடாப்டர் தேவையில்லை, யூஎஸ்பி கேபிளிலிருந்தே மின்சாரம் எடுத்துக்கொள்ளும். டிரைவர் மென்பொருளும் வேண்டாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் செருகியதுமே கண்டுகொள்ளும். பெட்டிக்குள் ஒரு டிஸ்க் வந்தால் அதில் இருப்பது பெரும்பாலும் பர்ன் செய்யும், அதாவது டிஸ்க்கில் எழுதும் மென்பொருள். அதை நிறுவாவிட்டாலும் டிரைவ் ஓடும்.

"ரோம்", "காம்போ" என்ற சொற்களைக் கண்டால் கொஞ்சம் நிதானியுங்கள். டிவிடி-ரோம் என்றால் படிக்க மட்டும். காம்போ என்றால் சிடியில் எழுதும், டிவிடியைப் படிக்க மட்டும் செய்யும். எழுதப்போவதே இல்லை என்று உறுதியாக இருந்தாலும் ரைட்டரையே வாங்குங்கள். புதிதாக இப்போது கிடைப்பவை கிட்டத்தட்ட எல்லாமே ரைட்டர்தான். ரோம் என்று விற்பது பெரும்பாலும் பழைய சரக்கு.

யூஎஸ்பி 3.0 போட்டிருக்கிற டிரைவ் வேகமா இருக்குமா? கொஞ்சம் கூடுதலா கொடுக்கலாமா?

டிவிடிக்கு இருக்காது. கணக்குப் போட்டே பார்க்கலாம். டிவிடியில் 1x என்பது நொடிக்குச் சுமார் 1.38 எம்பி. மெல்லிய டிரைவ்களின் உச்ச வேகம் 8x, அதாவது நொடிக்கு 11 எம்பி. சிடியில் 1x என்பது 150 கேபி. 24x வேகத்தில் 3.6 எம்பி. யூஎஸ்பி 2.0 கேபிளில் நடைமுறையில் நொடிக்கு 30 எம்பிக்கு மேலேயே போகும். டிஸ்க் சுற்றும் வேகம்தான் தடை, கேபிள் அல்ல.

அந்த 8x கூட டிஸ்க்கின் வெளி ஓரத்தில் மட்டுமே கிடைக்கும். டிஸ்க் ஒரே சீராகச் சுற்றுவதால் உட்புறத்தில் வேகம் ஏறக்குறைய 3.3x தான். முழு 4.7 ஜிபி டிவிடியைப் படித்து முடிக்கப் பத்து நிமிடமும், நிறைந்த சிடிக்கு நான்கைந்து நிமிடமும் ஆகும். எந்த வகை யூஎஸ்பி பிளக் போட்டாலும் இது மாறாது. 3.0 என்று எழுதியிருப்பதற்காகக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டாம். புளூ-ரே வாங்கும்போது கதை வேறு, கீழே வருகிறது.

செருகினா லைட் எரியுது. டிஸ்க் சுத்த ஆரம்பிச்சதும் "டக் டக்"னு சத்தம் வந்து நின்னுடுது. டிரைவ் போச்சா?

பெரும்பாலும் டிரைவ் போயிருக்காது, மின்சாரம் போதவில்லை. யூஎஸ்பி 2.0 போர்ட் விதிப்படி தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட் 900. டிரைவைத் திருப்பி அடியில் உள்ள ஸ்டிக்கரைப் பாருங்கள்: 5 வோல்ட், 1 ஆம்பியருக்கு மேல் என்று அச்சிட்டிருப்பது சாதாரணம். சும்மா இருக்கும்போது மிகக் குறைவாகவே இழுக்கும். மோட்டார் சுற்றத் தொடங்கும் அந்த இரண்டு நொடியிலும், லேசர் எழுதும்போதும்தான் தேவை எகிறும். அப்போது வோல்டேஜ் சரிந்து, டிரைவ் தானே ரீசெட் ஆகி, மறுபடி சுற்ற முயலும். அந்த "டக் டக்" இதுதான். கூடவே விண்டோஸில் யூஎஸ்பியை உருவி மீண்டும் செருகியது போன்ற ஒலி வந்தால் சந்தேகமே வேண்டாம்.

சரிசெய்யும் வரிசை இப்படி. முதலில் எக்ஸ்டென்ஷன் கேபிளையும் சாதா ஹப்பையும் (ஒரு போர்ட்டைப் பலவாக்கும் பெட்டி) கழற்றிவிட்டு நேராக லேப்டாப்பில் செருகுங்கள். மெல்லிய, நீளமான கேபிளிலேயே கால் வோல்ட், அரை வோல்ட் காணாமல்போகும். அடுத்து வேறு போர்ட்டில் செருகிப் பாருங்கள். நீல நிற 3.0 போர்ட்டோ, பேட்டரிப் படம் போட்ட சார்ஜிங் போர்ட்டோ இருந்தால் அது நல்லது. லேப்டாப்பைச் சார்ஜரில் போடுங்கள், சில மாடல்கள் பேட்டரியில் ஓடும்போது போர்ட்டுக்குத் தரும் மின்சாரத்தைக் குறைத்துவிடும். அதற்கும் சரிவராவிட்டால் இரண்டு பிளக் உள்ள ஒய் கேபிள், அல்லது தனி அடாப்டர் உள்ள ஹப்.

வாங்கும்போது வேகத்தைக் கேட்பவர்கள் பலர், இதைக் கேட்பவர்கள் குறைவு. விலை குறைந்த டிரைவ்களில் பல புகார்களின் வேர் இங்கேதான் இருக்கிறது.

என் லேப்டாப்புல டைப்-சி மட்டும்தான் இருக்கு. டைப்-சி டிரைவ்தான் வாங்கணுமா?

கட்டாயமில்லை. சாதாரண ஏ பிளக் டிரைவை வாங்கி, ஏ-யிலிருந்து சி-க்கு மாற்றும் சின்ன அடாப்டரைப் போட்டால் போதும். டைப்-சி போர்ட்டில் 1.5 ஆம்பியரோ அதற்கு மேலோ கிடைக்க வாய்ப்பு அதிகம் என்பதால் முந்தைய கேள்வியின் தொல்லை இங்கே குறைவு. ஏசஸ் ஜென்டிரைவ் யூ9எம் போன்ற சில மாடல்களில் இரண்டு வகைக் கேபிளும் பெட்டியிலேயே வரும்.

ஒரு எச்சரிக்கை: போன் சார்ஜரோடு வந்த கேபிளைப் போட்டுவிட்டு டிரைவ் தெரியவில்லை என்று குழம்ப வேண்டாம். சார்ஜ் மட்டும் செய்யும் கேபிள்கள் உண்டு. லைட் எரியும், தட்டும் திறக்கும், கம்ப்யூட்டரில் மட்டும் எதுவும் வராது.

கேபிள் டிரைவோடவே ஒட்டி வருது, அடியில மடிச்சு வைக்கிற மாதிரி. நல்லதா?

பையில் வைக்க வசதி, வாழ்நாளுக்குக் கேடு. இப்படி வரும் கேபிள் ஒரு சாண் அளவே இருக்கும், தினமும் ஒரே இடத்தில் மடியும். உள்ளே ஒரு கம்பி அறுந்தால் டிரைவையே தூக்கிப்போட வேண்டியதுதான், அல்லது திறந்து சால்டர் வைக்க வேண்டும். கழற்றி மாட்டும் கேபிள் உள்ளதை வாங்குங்கள். பின்பக்கத் துளை மினி-பியா, மைக்ரோ-பியா, டைப்-சியா என்று பார்த்துவைத்துக்கொண்டால் மாற்றுக் கேபிள் வாங்குவது எளிது.

தட்டு வெளியே வர்றது நல்லதா, பிளவுல டிஸ்க்கை உள்ளே தள்ளுறது நல்லதா?

தட்டு. பிளவு வகை பார்க்க அழகு, ஆனால் 8 செ.மீ. சின்ன டிஸ்க்கையோ வட்டமில்லாத டிஸ்க்கையோ அதில் போடக் கூடாது. சிக்கிக்கொண்டால் வெளியே எடுக்கத் திறந்தாக வேண்டும். காகித ஸ்டிக்கர் ஒட்டிய பழைய டிஸ்க்கின் ஓரம் பெயர்ந்திருந்தால் அதுவும் உள்ளே மாட்டும்.

மெல்லிய தட்டு வகைக்குப் புதிதானவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டிஸ்க்கைத் தட்டில் சும்மா வைத்தால் போதாது. நடுக் குமிழில் மூன்று சின்னப் பிடிகள் இருக்கும். ஒரு கையால் தட்டின் அடியைத் தாங்கிக்கொண்டு, துளையைச் சுற்றி இரண்டு விரலால் "கிளிக்" என்று கேட்கும்வரை அழுத்த வேண்டும். சரியாக உட்காராத டிஸ்க் கரகரவென்று உரசும், படிக்காது. தட்டோடு வெளியே வரும் கண்ணாடிப் பொட்டுதான் லென்ஸ், விரல் படக் கூடாது.

பேர் தெரியாத கம்பெனி டிரைவ் பாதி விலைக்குக் கிடைக்குது. வாங்கலாமா?

எப்போதாவது படிக்க மட்டும் என்றால் வாங்கலாம், திருப்பிக் கொடுக்கும் வசதி இருக்கும்பட்சத்தில். உள்ளே டிரைவைச் செய்யும் நிறுவனங்கள் உலகத்திலேயே விரல்விட்டு எண்ணும் அளவுதான். வெளிப்பெட்டியில் எந்தப் பெயர் இருந்தாலும் உள்ளே இருப்பது அவர்களில் ஒருவருடையது. கேள்வி, அது புதியதா, பழைய லேப்டாப்பிலிருந்து கழற்றிப் புதுக்கூட்டில் போட்டதா என்பதுதான். வெளித்தோற்றத்தில் கண்டுபிடிக்க முடியாது.

செருகிப் பார்த்தால் ஓரளவு தெரியும். விண்டோஸில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து டிவிடி டிரைவ் என்ற வரியை விரியுங்கள். அங்கே பெரும்பாலும் உள் டிரைவின் உண்மையான பெயர் வரும். எச்எல்-டிடி-எஸ்டி என்று தொடங்கினால் ஹிட்டாச்சி-எல்ஜி. டிஎஸ்எஸ்டி என்றால் தோஷிபா-சாம்சங் கூட்டு. பிஎல்டிஎஸ் என்றால் பிலிப்ஸ்-லைட்டான். மாட்ஷிட்டா என்றால் பானசோனிக். அந்த மாடல் எண்ணை இணையத்தில் தேடினால் அது எந்தக் காலத்து லேப்டாப்பில் வந்தது என்று தெரிந்துவிடும். பத்து வருடத்துக்கு முந்தைய லேப்டாப் மாடல் என்று வந்தால் அது புதுச் சரக்காக இருக்க வாய்ப்பில்லை.

டிரைவோட யூஎஸ்பி ஹப், மெமரி கார்டு போடுற இடம் எல்லாம் சேர்ந்து வருதே, அது லாபம்தானே?

இல்லை. டிரைவுக்கே போதாத மின்சாரத்தில் இன்னும் நாலு பேருக்குப் பங்கு. பென் டிரைவைச் செருகியதும் பர்ன் பாதியில் நின்றுபோவதெல்லாம் இதில்தான் நடக்கும்.

பழைய லேப்டாப் செத்துப்போச்சு, அதுல டிவிடி டிரைவ் இருக்கு. அதையே வெளியே வச்சுப் பயன்படுத்த முடியுமா?

முடியும். இருப்பதிலேயே மலிவான வழி இதுதான், நல்ல வழியும்கூட. தேவை "ஸ்லிம் சாட்டா டிவிடி எக்ஸ்டெர்னல் கேஸ்" என்ற வெறும் கூடு. சாட்டா என்பது டிரைவைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் முனையின் வகை. லேப்டாப்பை அணைத்து, சார்ஜரையும் பேட்டரியையும் எடுத்துவிட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். பல மாடல்களில் டிரைவைப் பிடித்திருப்பது ஒரே ஒரு ஸ்க்ரூதான். அதைக் கழற்றினால் டிரைவ் பக்கவாட்டில் உருவிக்கொண்டு வரும். பின்னால் உள்ள சிறிய உலோகத் தகட்டை எடுத்துவிட்டு, கூட்டின் சாட்டா முனையில் நேராகத் தள்ளி, கூட்டோடு வரும் ஸ்க்ரூவைப் போட்டால் முடிந்தது.

கூடு வாங்குமுன் இரண்டு அளவு பார்க்க வேண்டும். முதலாவது தடிமன்: மெல்லிய டிரைவ்கள் 12.7 மி.மீ., 9.5 மி.மீ. என்று இரண்டு அளவில் பரவலாக இருக்கின்றன. சின்னதற்கான கூட்டில் பெரியது நுழையாது. பெரியதில் சின்னது ஆடும். இரண்டாவது, பின்முனை. ஓர் அகன்ற முனையும் அதன் பக்கத்தில் ஒரு குட்டி முனையுமாக, தட்டையான இரண்டு தகடுகள் தெரிந்தால் சாட்டா. நெருக்கமான பல்வரிசையோடு ஒரே நீள முனை இருந்தால் அது பழைய ஐடிஇ வகை. அதற்கான கூடு தனி. தேடி அலைவதற்குப் பதில் புது டிரைவே வாங்கிவிடலாம்.

முன்பக்க மூடி கூட்டோடு பொருந்தாமல் சற்றுத் துருத்திக்கொண்டு நிற்கலாம். லேப்டாப் மாடலுக்கேற்ப வளைத்துச் செய்த மூடி அது. கூட்டோடு நேரான மூடி வந்தால் மாற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டாலும் வேலைக்குக் குறையில்லை.

அப்போ டெஸ்க்டாப் கம்ப்யூட்டர்ல இருக்கிற பெரிய டிரைவையும் இப்படிச் செய்யலாமா?

மெல்லிய டிரைவுக்கு 5 வோல்ட் மட்டும் போதும், அதனால்தான் யூஎஸ்பியில் ஓடுகிறது. பெரிய டிரைவுக்கு 12 வோல்ட்டும் வேண்டும். அடாப்டரோடு வரும் சாட்டா-யூஎஸ்பி மாற்றி இருந்தால் ஓடும். ஹார்ட் டிஸ்க்குக்காக விற்கும் அடாப்டர் இல்லாத சின்ன மாற்றியில் ஓடாது. தூக்கிக்கொண்டு போகத் தேவையில்லாமல் மேசையிலேயே வைத்து நூற்றுக்கணக்கான டிஸ்க்கைப் படிக்க வேண்டியவர்களுக்குப் பெரிய டிரைவே மேல். வேகம் இரட்டிப்பு, கீறல் விழுந்த டிஸ்க்கையும் பொறுமையாகப் படிக்கும்.

வாங்கிட்டு வந்ததும் என்னென்ன சோதிச்சுப் பார்க்கணும்?

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் நான்கு வகை டிஸ்க்கைப் போடுங்கள்: கடையில் வாங்கிய பாட்டு சிடி, வீட்டில் எழுதிய சிடி, கடையில் வாங்கிய பட டிவிடி, வீட்டில் எழுதிய டிவிடி. ஃபைல் பெயர்கள் தெரிந்தால் மட்டும் போதாது. ஒரு பெரிய ஃபைலை முழுதாக ஹார்ட் டிஸ்க்குக்கு நகலெடுத்துப் பாருங்கள். படம் நீளமாக இருந்தால் அந்த டிவிடி இரட்டை அடுக்காக (ஒரே பக்கத்தில் இரண்டு அடுக்குப் பதிவு) இருக்க வாய்ப்புண்டு. நடுவில் அடுக்கு மாறும் இடத்தைத் தாண்டி ஓடுகிறதா என்பதும் அப்போது தெரியும்.

கடைசியாக ஒரு வெற்று டிவிடியை நிரப்பி எழுதி, "வெரிஃபை" (எழுதியது சரியா என்று படித்துப் பார்ப்பது) போடுங்கள். மின்சாரக் குறை, தளர்ந்த லேசர் இரண்டும் வெளிப்படும் இடம் இதுதான். வெற்று டிஸ்க் ஒன்று வீணாவதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

டிவிடி எல்லாம் நல்லா ஓடுது, சிடி போட்டா மட்டும் படிக்கல. இது எப்படி?

இரண்டுக்கும் லேசர் வேறு. சிடியைப் படிப்பது 780 நானோமீட்டர் அலைநீளமுள்ள அகச்சிவப்பு லேசர். டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு. ஒன்று தளர்ந்தாலும் மற்றது வேலை செய்யும். எல்லாச் சிடிகளும் மறுத்தால் அந்த லேசரின் ஆயுள் முடிந்தது, பழுதுபார்ப்பது கட்டுப்படியாகாது. ஒன்றிரண்டு சிடி மட்டும் மறுத்தால் அந்த டிஸ்க்கில்தான் கோளாறு.

டிரைவைத் தூக்கிப்போடுமுன் லென்ஸைத் துடைத்துப் பாருங்கள். பஞ்சுக் குச்சியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் லேசாக நனைத்து, அழுத்தாமல் இரண்டு சுற்று, உலர ஒரு நிமிடம். லென்ஸ் மெல்லிய கம்பிகளில் தொங்குகிறது, அழுத்தினால் சாய்ந்துவிடும்.

டிஸ்க் தெரியுது, ஆனா படம் ஓடல. என்ன நிறுவணும்?

விஎல்சி என்ற வீடியோ பிளேயர். இலவசம், எல்லா இயங்குதளத்திலும் உண்டு. விண்டோஸ் 8 முதலே டிவிடிப் படம் ஓட்டும் வசதியை மைக்ரோசாஃப்ட் உடன் கொடுப்பதில்லை. டிரைவ் கெட்டுவிட்டது என்று திருப்பிக் கொடுப்பவர்களில் சிலருக்கு இதுதான் காரணம்.

ஸ்கேன் எடுத்த இடத்தில் கொடுத்த டிஸ்க் என்றால் அதில் இருப்பது சாதாரணப் படமோ வீடியோவோ அல்ல, டைகாம் என்ற மருத்துவ வடிவ ஃபைல்கள். அவற்றைத் திறக்கும் சிறு மென்பொருள் பெரும்பாலும் டிஸ்க்கிலேயே இருக்கும். அது பெரும்பாலும் விண்டோஸுக்கு மட்டும். மேக்கில் தனியாக ஒரு டைகாம் வியூவர் நிறுவ வேண்டும்.

வெளிநாட்டுல வாங்கின டிவிடியைப் போட்டதும் "ரீஜன் மாத்தவா"ன்னு கேக்குது. மாத்தலாமா?

யோசித்து மாற்றுங்கள். கடையில் விற்கும் பட டிவிடியில் அது உலகின் எந்தப் பகுதிக்கானது என்ற எண் இருக்கும், அதுதான் ரீஜன். டிரைவில் அந்த எண்ணை ஐந்து முறைதான் மாற்ற முடியும். ஐந்தாவது முறை வைத்தது நிரந்தரம். அந்தக் கணக்கு டிரைவுக்குள்ளேயே பதிவாவதால் விண்டோஸை மறுபடி நிறுவினாலும், வேறு லேப்டாப்பில் செருகினாலும் திரும்பி வராது. முதலில் விஎல்சியில் போட்டுப் பாருங்கள். பல டிரைவ்களில் மாற்றாமலே ஓடும். இரண்டு ரீஜன் டிஸ்க்குகள் நிறைய இருந்தால் ரீஜனுக்கு ஒன்றாக இரண்டு மலிவு டிரைவ் வைத்துக்கொள்வது தலைவலியைத் தவிர்க்கும். வீட்டில் எழுதிய டிஸ்க்குக்கு ரீஜன் கிடையாது.

நான் எழுதின டிவிடி என் லேப்டாப்புல ஓடுது, வேற இடத்துல வெறும் டிஸ்க்னு காட்டுது. ஏன்?

விண்டோஸில் வெற்று டிஸ்க்கைப் போட்டதும் இரண்டு வழி கேட்கும்: "பென் டிரைவ் போல", "சிடி/டிவிடி பிளேயரோடு". முதலாவதைத் தேர்ந்தால் ஃபைலை இழுத்துப் போட்டுக்கொண்டே இருக்கலாம், ஆனால் அந்த வடிவத்தைப் பல பிளேயர்களுக்குப் படிக்கத் தெரியாது. பிறருக்குக் கொடுக்க எழுதினால் எப்போதும் இரண்டாவது. வேறு மென்பொருளில் எழுதினால் "ஃபைனலைஸ்" என்ற பெட்டியில் டிக் போடுங்கள், அதுதான் டிஸ்க்கை மூடுவது. மூடப்படாத டிஸ்க் எழுதிய டிரைவைத் தவிர மற்றவற்றில் வெறுமையாகத் தெரிவது வழக்கம்.

பாட்டைக் காரில் கேட்க எழுதும்போது இன்னொரு குழப்பம். எம்பி3 ஃபைல்களை அப்படியே எழுதினால் அது டேட்டா சிடி. பழைய பிளேயருக்கு ஆடியோ சிடி வேண்டும். அதில் 80 நிமிடம்தான் பிடிக்கும்.

டிவியில, போன்ல இந்த டிரைவைச் செருகினா ஓடுமா?

பெரும்பாலும் ஓடாது. டிவியின் யூஎஸ்பி துளை பென் டிரைவையும் ஹார்ட் டிஸ்க்கையும்தான் எதிர்பார்க்கிறது. போனும் டேப்லட்டும் அப்படியே. நிறுவனத்தின் தனிச் செயலியோடு வரும் சில மாடல்கள் விதிவிலக்கு. பெட்டியில் "டிவியில் ஓடும்" என்று தெளிவாக எழுதியிருந்தால் மட்டும் நம்புங்கள். இல்லையென்றால் லேப்டாப்பில் படத்தை எம்பி4 ஆக மாற்றிப் பென் டிரைவில் போடுவதுதான் நேர்வழி.

ஆப்பிளோட சூப்பர்டிரைவ் பழசு ஒண்ணு சும்மா கிடைக்குது. விண்டோஸ் லேப்டாப்புல போடலாமா?

நம்பி எடுக்க வேண்டாம். உள்ளே டிரைவ் இல்லாத மேக் கம்ப்யூட்டர்களுக்கென்று செய்தது அது. மற்றவற்றில் செருகினால் பெரும்பாலும் டிஸ்க்கை உள்ளேயே இழுக்காது. போதாக்குறைக்குப் பிளவு வகை. மேக் வைத்திருப்பவர்களுக்கும் சாதாரண டிவிடி ரைட்டர் போதும்; ஃபைண்டரிலிருந்தே எழுதலாம்.

விண்டோஸ் நிறுவ டிவிடி டிரைவ் உதவுமா?

பழைய கம்ப்யூட்டருக்கு உதவும்: பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) பூட் வரிசையில் யூஎஸ்பி சிடி-ரோமை மேலே கொண்டுவர வேண்டும். இப்போதைய விண்டோஸ் 11 ஃபைல் 5 ஜிபிக்கு மேல், 4.7 ஜிபி டிஸ்க்கில் அடங்காது, 8.5 ஜிபி இரட்டை அடுக்கு டிஸ்க் வேண்டும். இதற்காக மட்டும் டிரைவ் வாங்காதீர்கள், 8 ஜிபி பென் டிரைவே போதும்.

கொஞ்சம் சேர்த்துப் போட்டுப் புளூ-ரே டிரைவாவே வாங்கிடலாமா?

கையில் புளூ-ரே டிஸ்க் இருந்தால் மட்டும். ஒரு டிஸ்க்கில் 25 அல்லது 50 ஜிபி, எக்ஸ்எல் வகையில் 100, 128 ஜிபி கொள்ளும் என்பது கவர்ச்சிதான். ஆனால் வெற்று டிஸ்க் கிடைப்பதே குறைந்துவருகிறது; சோனி 2025 பிப்ரவரியில் எழுதும் புளூ-ரே டிஸ்க் தயாரிப்பை நிறுத்திவிட்டது. பின்னாளில் டிரைவும் டிஸ்க்கும் கிடைக்குமா என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

வாங்குவதென்றால் இங்கே யூஎஸ்பி 3.0 அவசியம். புளூ-ரேயில் 1x என்பது நொடிக்கு 4.5 எம்பி, 6x டிரைவ் 27 எம்பியைத் தொடும், 2.0 கேபிள் அப்போது விளிம்பில் நிற்கும். மின்சாரமும் கூடுதலாக இழுக்கும், ஆகவே மேலே சொன்ன ஒய் கேபிள் யோசனையைத் தயாராக வைத்திருங்கள். "புளூ-ரே காம்போ" என்றால் புளூ-ரேயைப் படிக்கும், எழுதாது.

புளூ-ரே படம் விஎல்சியில ஓடுமா? 4கே டிஸ்க்?

கடையில் வாங்கிய புளூ-ரே படத்தில் பூட்டு இருக்கும். விஎல்சி அதை அப்படியே திறக்காது. பவர்டிவிடி போன்ற காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் வேண்டும். டிரைவ் விலையோடு இதையும் கூட்டிக் கணக்குப் போடுங்கள்.

4கே அல்ட்ரா எச்டி டிஸ்க் இன்னும் சிக்கல். அதை முறைப்படி ஓட்ட இன்டெல் பிராசசரில் எஸ்ஜிஎக்ஸ் என்ற பாதுகாப்பு வசதி வேண்டும். 11, 12-ஆம் தலைமுறைகளில் இன்டெல் அதை எடுத்துவிட்டது. ஆகவே டிரைவில் "4கே" என்று எழுதியிருந்தாலும் புது லேப்டாப்பில் அந்தப் படத்தை முறைப்படி ஓட்ட வழியில்லை. 4கே படம் பார்ப்பதுதான் நோக்கமென்றால் டிவியோடு இணைக்கும் தனிப் பிளேயர் வாங்குங்கள்.

தட்டு திறக்கவே மாட்டேங்குது. உள்ளே டிஸ்க் மாட்டியிருக்கு.

முதலில் டிஸ்க்கில் உள்ள ஏதாவது ஃபைல் திறந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் பொத்தானை எத்தனை முறை அழுத்தினாலும் கம்ப்யூட்டர் விடாது. ஃபைலை மூடிவிட்டு, டிரைவின் மேல் வலது கிளிக் செய்து "எஜெக்ட்" கொடுங்கள்.

அப்படியும் வராவிட்டால் யூஎஸ்பியைக் கழற்றி, டிஸ்க் சுற்றி ஓயும்வரை பொறுத்து, முன்பக்க மூடியில் உள்ள ஊசித்துளையில் நிமிர்த்திய பேப்பர் கிளிப்பை நேராக விடுங்கள். தடை தட்டுப்படும் இடத்தில் அழுத்தினால் தட்டு ஒரு செ.மீ. வெளியே துள்ளும், மீதியைக் கையால் இழுக்கலாம். நடுத்துளையைச் சுற்றி விரிசல் விட்ட டிஸ்க்கை மறுபடி போடவே கூடாது. நிமிடத்துக்குப் பல ஆயிரம் சுற்று வேகத்தில் அது உள்ளேயே சிதறும்.

பழைய கேம்கார்டர்ல எடுத்த குட்டி டிஸ்க் வெறுமையா தெரியுது. பதிவு போயிடுச்சா?

பெரும்பாலும் போயிருக்காது. 1.4 ஜிபி கொள்ளும் அந்த 8 செ.மீ. டிஸ்க்கைக் கேம்கார்டரிலேயே ஃபைனலைஸ் செய்யாமல் விட்டிருப்பார்கள். முன்பு சொன்ன மூடப்படாத டிஸ்க் கதைதான். கேம்கார்டர் இன்னும் ஓடினால் அதில் போட்டு மெனுவில் ஃபைனலைஸ் கொடுங்கள். நடுவில் பேட்டரி தீரக் கூடாது, அடாப்டரில் போட்டே செய்யுங்கள். கேம்கார்டர் இல்லையென்றால் டேட்டாவை மீட்கும் மென்பொருள்தான் வழி. எந்தக் காரணம் கொண்டும் "ஃபார்மட் செய்யவா" என்ற கேள்விக்குச் சரி சொல்லாதீர்கள்.

வீட்டுல நூறு டிஸ்க் இருக்கு, எல்லாத்தையும் ஹார்ட் டிஸ்க்குக்கு மாத்தணும். எப்படிச் செய்யறது?

இடம் பெரிய பிரச்சினை இல்லை: நூறு ஒற்றை அடுக்கு டிவிடி முழுதாக நிறைந்திருந்தாலும் 470 ஜிபிதான். நேரம்தான் செலவு. டிஸ்க்குக்குப் பத்து நிமிடம் என்று மேலே போட்ட கணக்குப்படி சுமார் 17 மணி நேரம், கீறல் இல்லாவிட்டால். தொடர்ச்சியாக ஓட்டினால் மெல்லிய டிரைவ் சூடேறிப் பிழை காட்டும், ஏழெட்டு டிஸ்க்குக்கு ஒருமுறை தட்டைத் திறந்து சற்று ஆறவிடுங்கள்.

ஃபைல்களை இழுத்துப் போடுவதைவிட டிஸ்க்கை முழுதாக ஐஎஸ்ஓ ஃபைலாக, அதாவது முழு டிஸ்க்கின் நகலாக ஒரே ஃபைலில் எடுப்பது நல்லது. மெனு, துணைத்தலைப்பு எல்லாம் அப்படியே இருக்கும். விண்டோஸில் இம்க்பர்ன், மேக்கில் டிஸ்க் யுடிலிட்டி போதும். பாட்டு சிடிக்கு ஐஎஸ்ஓ ஒத்துவராது, எக்ஸாக்ட் ஆடியோ காப்பி போன்ற ஒன்றில் பாடல்களாக எடுக்க வேண்டும்.

படிக்க மறுக்கும் டிஸ்க்கை முதலில் ஓரமாக வையுங்கள், அதோடு மல்லுக்கட்டினால் மற்ற வேலை நின்றுபோகும். கடைசியில் அவற்றை மிருதுவான துணியால் நடுவிலிருந்து ஓரம் நோக்கி நேர்க்கோட்டில் துடையுங்கள், வட்டமாகத் தேய்க்கக் கூடாது. அப்புறம் லினக்ஸில் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருள். அது படிக்க முடிந்த பகுதியை முதலில் எடுத்துவிட்டு, முடியாத இடங்களைக் குறிப்பு ஃபைலில் வைத்துக்கொள்ளும். அந்தக் குறிப்பு ஃபைலோடு டிஸ்க்கை வேறொரு டிரைவில் போட்டு ஓட்டினால் விட்ட இடங்களை மட்டும் மறுபடி முயலும். ஒரு டிரைவ் தடுக்கிய இடத்தை இன்னொன்று சாதாரணமாகப் படித்துவிடுவது உண்டு; செத்த லேப்டாப்பிலிருந்து கழற்றிய டிரைவைப் பத்திரமாக வைத்திருந்தால் இந்த வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.